பாதியில் நின்ற முள்

பள்ளிகொண்டா டோலுக்கு நானூறு அடி முன்னால்
வண்டி நின்றபோதும்
முள் பாதியைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது.

சத்துவாச்சாரி, மே மாதம்.
மலைக்கு மேல் வெயில் வருமுன் முடிக்க வேண்டும்.
நாலு கதவையும் திறந்துவிட்டு
பேட்டரியின் கறுப்பு வயரை முதலில் கழற்றினேன்.
போன் வீட்டுக்குள்.
மாடியில் ஷாஹிதா அடுப்பை அணைத்தாள்;
இலவம்பாடிக் கத்தரிக்காய்
எனக்காக அரைவேக்காட்டில் கிடக்கிறது.
பீடியோடு எட்டிப்பார்த்தார் தனகோட்டி.
"அண்ணே, தெருமுனைக்குப் போய்ப் பிடிங்க."
போனார். அங்கிருந்தே யோசனை சொன்னார்.

பின்சீட்டுக்கு அடியில்
ஆறு வருஷப் புழுதி, ஒரு பச்சை ஜெம்ஸ் மிட்டாய்.
துடைத்த பிறகே மூடியைத் தொட்டேன்.
இரும்பால் தட்டினால் பொறி பறக்கும்;
வளையம் பூரிக்கட்டைக்கு வழிவிட்டது.

பெட்ரோல் வாசம் தலையைச் சுற்ற
வெளியே போய் நின்று மூச்சு வாங்கி வந்தேன்.

கம்பி நுனியில் மிதவை, சொட்டச் சொட்ட.
மேலும் கீழும் நன்றாகத்தான் ஆடியது.
அது கண்டதைச் சொல்ல வேண்டிய தகட்டில்
நடுவே ஓரிடம் மட்டும்
தேய்ந்து வெளுத்திருந்தது.
"பணம் இருக்கா?" என்று அம்மா போனில் கேட்கும்போதெல்லாம்
நானும் அந்த இடத்தில்தான் நிற்கிறேன்:
இருக்கும்மா, பாதி இருக்கு.

புது சென்சார், புது ரப்பர்.
வாசம் முழுக்கப் போனபின்
கறுப்பு வயர், கடைசியாக.
சாவியைத் திருப்பினேன்.
முள் நடுங்கி, கொஞ்சம் எழுந்து,
சிவப்புக் கோட்டின் மேல் உட்கார்ந்துகொண்டது.

"கெட்டுப்போச்சா?" தெருமுனையிலிருந்து தனகோட்டி.

"இல்லண்ணே, சரியாயிடுச்சு.
காலியா இருக்கு."