ஆட்டம்

அறுபது வரைக்கும் ஒண்ணுமில்லைங்க என்றார் இருதயம்.
குப்பனூர் வழி இறங்கி, சமதளம் பிடித்து,
பாலத்து இணைப்பில் முன்சக்கரம் ஒரு தட்டுத் தட்டினால் போதும்,
ஸ்டியரிங் கையைவிட்டுப் பிடுங்கிக்கொள்ளும்.
முன்கண்ணாடி, பானெட், பல் எல்லாம் சேர்ந்து அதிரும்.
பிரேக்கை மிதித்து நாற்பதுக்குக் கீழே கொண்டுவந்து
ஓரம் கட்டி,
பின்னால் காப்பி மூட்டைமேல் இருக்கும் எட்டுப் பேரைத்
திரும்பிப் பார்க்காமல்
ஒரு பீடி.

எஸ்டேட் முதலாளி போனில் முன்பே சொல்லியிருந்தார்:
"பாருங்க. ஆனா வண்டியில ஒண்ணும் இருக்காது.
அந்தாளு மறுபடி ஊத்த ஆரம்பிச்சிட்டான்."

அஸ்தம்பட்டியில் டேம்பர் மாற்றியிருக்கிறார்கள். இருபது நாள் நின்றது.
செவ்வாய்பேட்டையில் இன்னொரு டேம்பர். அதுவும் எண்ணெய் கக்கிவிட்டது.
டேம்பர் ஒரு வாய்ப்பூட்டு, அவ்வளவுதான்.
கழற்றிச் சுவரோரம் சாய்த்துவைத்தேன்.

"ஏறுங்க. இஞ்சின் ஓடட்டும், சக்கரம் தரையிலேயே இருக்கட்டும்.
இடது கொஞ்சம், வலது கொஞ்சம்.
நான் போதும்கிற வரைக்கும்."

அடியில் படுத்தால் சேர்வராயன் செம்மண்
கட்டி கட்டியாகக் கண்ணில் உதிர்கிறது.
மூட்டு மூட்டாய்க் கைவைத்துப் பார்த்தேன்.
டை ராடு முனை இரண்டும் இறுக்கம்.
டிராக் லிங்க் பரவாயில்லை.
பட்டையின் புஷ் வெடித்திருக்கிறது, இந்த அதிர்ச்சிக்கு அது போதாது.
யூ போல்ட் ஒன்று அரைச்சுற்று வாங்கியது.
மேலே அவர் திருப்பிக்கொண்டே இருந்தார்
இடது, வலது, இடது,
தேர்வு எழுதுகிறவர் போல.

பிறகு இஞ்சினை நிறுத்தி, ஜாக்கியில் வலது சக்கரத்தைத் தூக்கி
பன்னிரண்டிலும் ஆறிலும் பிடித்து ஆட்டினேன்.
டக்.
"தமீம், பிரேக்கை மிதிடா."
டக்.
பிரேக் மிதித்தும் நிற்காத ஆட்டம், அப்போ வீல் பேரிங் இல்லை.
கீழ்க் கிங்பின்.

திறந்தால் கிண்ணத்தில்
உருளைகள் ஒரே இடத்தில் குந்திக் குந்திப் பறித்த குழிகள்,
நகத்தால் எண்ணலாம். பதினொன்று.
மூடிக்கு அடியில் ஷிம் தகடு ஒன்று கூடுதல்.
யாரோ, எந்த வருஷமோ, அவசரத்தில்.

முதலாளிக்குப் போன் போட்டேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"எவ்ளோ ஆகும்?" என்றார்.

சாயங்காலம் அதே பாலம்.
டேம்பரை இன்னும் மாட்டவில்லை, வேண்டுமென்றே.
அறுபத்தைந்து. எழுபது.
தட்டியது.
வண்டி தன்பாட்டுக்குப் போனது.

இருதயம் ஓரம் கட்டினார். பீடி எடுக்கவில்லை.
ஸ்டியரிங்மேல் இருந்த கைகளைப் பார்த்து
"அஞ்சு மாசமாங்க" என்றார்,
"சொட்டு தொடலை.
ஆனா நானே நெனச்சிட்டேன், என் கைதான்னு."

பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கி
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
வெள்ளைச் சட்டை.
கிரீஸ் ஊறி நெஞ்சு கறுத்தது,
துடைக்காமலே மலையேறிப் போனார்.