ஆறு நாற்பத்திரண்டு

கொழும்புக் கடையில் கிடைக்கும் தண்டவாளம்
வேறு யாருடைய நாட்டுக்கோ அளந்தது.
நம்முடைய கோச்சிப் பாதை அதைவிட அகலம்,
எண்பத்தேழில் ஒன்றாய்ச் சுருக்கிய பிறகும்
மூன்று மில்லிமீட்டர் அகலம்.
அதனால் ஒவ்வொரு சிலிப்பர் கட்டையும்
நானே சீவினேன்,
பல் கட்டும் மேசையில், மெழுகு சீவும் கத்தியால்.

பகலில் ஹட்டனில் பல் செட் செய்கிறேன்.
இரவில் அதே பிளாஸ்டரைக் கரைத்து
வட்டவளை மலையை ஊற்றுகிறேன்.
குடித்த தேயிலைச் சக்கையை வெயிலில் காயவைத்தால்
(வெயில் வந்தால்)
நிரை நிரையாய்த் தேயிலைச் செடி.
ஈறுக்குக் கலந்த ரோஸ் நிறத்தில் மிஞ்சியது
ஸ்டேஷன் வாசலில் போகன்வில்லா.
ரம்ஸீன் நானாவின் கூடையில் இறால் வடை பதினொன்று:
ஒரு வடைக்கு ஒரு கசகசா, அளவு சரி.
பசை காய்வதற்குள் ஓர் எறும்பு வந்து
மேடையில் நின்றது, நாய் உயரத்தில்.
கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று விட்டேன்.

கடிகாரத்தில் ஆறு நாற்பத்திரண்டு.
கோச்சி புறப்பட வேண்டியது ஆறு நாற்பதுக்கு.
அந்த டிசம்பர், கணக்குப் பரீட்சை நாள்,
யன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி
"திலகா வாறா, திலகா வாறா" என்று கத்தினேன்.
நிஹால் மாஸ்டர் என்னைப் பார்த்தார்,
மலையைப் பார்த்தார்,
பச்சைக் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார்.
இரண்டு நிமிடம்.
பதுளை வரைக்கும் பதில் சொல்ல வேண்டிய
இரண்டு நிமிடம்.

போன வருசம் அவரை மறுபடி சந்தித்தேன்,
டொக்டர் அனுப்பிய அச்சின் பெயர்ச்சீட்டில்.
மேல்தாடை. வலப்பக்கம் தேய்ந்து போன மேடு.
செட் முடிந்தது. அவர் வரவில்லை.
மகன் வந்து மீதிக் காசைக் கட்டிவிட்டு
செட்டை எடுக்காமலே போனார்.
அந்த அச்சு இப்போது மேடைக்கு அடியில் இருக்கிறது,
அவர் நிற்கும் இடத்துக்கு நேர் கீழே.
மேலே சீமெந்துச் சாம்பல் பூசிவிட்டேன்.
பார்ப்பவருக்குத் தெரியாது.
தெரியத் தேவையில்லை.

படிக்கட்டில் ஓடி வருகிறாள் திலகேஸ்வரி:
பதினாறு மில்லிமீட்டர், வெள்ளைச் சட்டை,
பின்னால் பறக்கும் ரிப்பன் ஒரு தலைமுடி.
முழு மலையிலும் அசைகிறவள் அவள் ஒருத்திதான்.
மூன்று வாரம் பிடித்தது.

சனிக்கிழமை சந்தைக்கு வந்தவள் மேலேறி வந்தாள்.
பூதக்கண்ணாடியைச் சேலையில் துடைத்து,
குனிந்து, மூச்சை அடக்கிப் பார்த்தாள்.
"இது யாருடி, விழுந்தடிச்சு ஓடுறது?"
"நீதான்."
"நான் எங்கடி ஓடுனேன்?
செருப்பு அறுந்துருச்சு. பீலிக்கரைக் கல்லுல ஒக்காந்து
கோச்சியப் பாத்துக்கிட்டு இருந்தேன்.
கணக்குன்னா எனக்கு வயித்தக் கலக்கும்,
போய்த் தொலையேன்னு இருந்துச்சு.
அது என்னடான்னா நிக்குது, நிக்குது,
இந்த மனுசன் வேற என்னயவே பாக்குறாரு!"
சிரித்தாள்.
கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை.
என் கண் அங்கேதான் போகும்.

இருபத்தாறு வருசம்
அவளுக்காக நான் பட்ட துக்கத்தை
எங்கே கொண்டுபோய் ஒட்டுவது?

இரவு விளக்கைக் கொளுத்தி
ஓடியவளைக் கிடுக்கியால் பிடுங்கினேன்.
பாதம் மேடையிலேயே உடைந்து நின்றுவிட்டது.
புதிதாய் ஒருத்தியை மெழுகில் பிடித்து,
முழங்காலைச் சூட்டில் மடக்கி
பீலிக்கரையில் உட்காரவைத்தேன்.
பக்கத்தில் ஒரு செருப்பு, வார் அறுந்தது,
ஈறு நிறத்தில்.
அவள் கேட்டுவிட்டுப் போனபடி
ரம்ஸீன் நானாவின் கூடையிலிருந்து
ஒரு கசகசாவை எடுத்து அவள் கையில் வைத்தேன்.
கூடையில் பத்து.

இனி ஓடி வர யாருமில்லை.
நிஹால் மாஸ்டர் அப்படியே நிற்கிறார்,
கொடி கக்கத்தில்,
முகம் மலைப்பக்கம்.