முப்பத்தொன்று, நாற்பத்து நான்கு

ஓஷ் நகரில் ஜனவரி.
ஆய்வகத்து ஜன்னலில் உள்பக்கமும் பனி.
காலை ஏழு முதல் பத்து வரை மின்சாரம் இராது என்று
வாசலில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
அடைகாக்கும் பெட்டிக்கு என் கோட்டைப் போர்த்தியிருக்கிறேன்.
உள்ளே கிருமிகள்
என்னைவிட வெதுவெதுப்பாய்.

அதிராஷ்மன் விதை கடுகைவிடச் சற்றுப் பெரிது.
நாக்கில் பட்டால் சாயங்காலம் வரை
தேநீரும் கசக்கும்.
இடித்து, எத்தனாலில் மூன்று நாள் ஊறவிட்டு
வடித்து, வற்றவிட்டதும்
குடுவையின் அடியில் ஒரு பழுப்புப் பிசின்.
புறஊதா விளக்கில் பிடித்தபோது
அது நீலமாய்ப் பற்றிக்கொண்டது.
"அடேயப்பா" என்றான் தெமிர்கான்.
குறிப்பேட்டில் அதற்கு நெடுவரிசை இல்லை.

மறுநாள்
பால் படிந்ததுபோல் கிருமி மூடிய தட்டில்
காகித வில்லையைச் சுற்றி
ஒரு தெளிந்த வட்டம்.
பதினான்கு மில்லிமீட்டர்.
வெறும் எத்தனாலில் நனைத்துக் காயவைத்த வில்லை
பக்கத்தில் ஒன்றும் செய்யாமல் கிடந்தது,
விலைபோகாத சாட்சியாய்.

மகிழ்ந்திருக்கலாம்.
ஆனால் இங்கே யாரும் அதை எத்தனாலில் போடுவதில்லை.
எரிக்கிறார்கள்.
பிள்ளை பிறந்தால், கார் வாங்கினால்,
பக்கத்து வீட்டுக்காரி கொஞ்சம் அதிகமாய்ப் புகழ்ந்துவிட்டால்,
தெருவுக்குள் காய்ச்சல் நுழைந்தால்.
நாங்கள் கேட்டதற்கு விதை பதில் சொல்லிவிட்டது.
ஊர் கேட்டதோ புகையை.

புகையை எப்படி அளப்பது?
ரப்பர் குழாய் வழியே தண்ணீருக்குள் விட்டோம்.
தண்ணீர் இருமியது. குழாய் அடைத்துக்கொண்டது.
வட்டம் விழவில்லை.
மூன்று முறை தண்ணீரில்,
ஒரு முறை ஈதரில்,
கடைசி முறை கோபத்தில்.

பிறகுதான் சந்தையிலிருந்து சனோபரை அழைத்துவந்தேன்.
லூலி குடியிருப்புக்காரி.
கம்பிக் கைப்பிடி போட்ட தகர டப்பாவோடு
கடை கடையாய்ப் புகை காட்டுபவள்.
நீண்ட நடைவழியில் ஆறு தட்டுகளைத்
திறந்து வைத்தோம், கால் மணி நேரம்.
மூடினோம்.
அவள் டப்பாவை வீசியபடி
இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தாள்,
ஏதோ முணுமுணுத்துக்கொண்டு.
புதிதாய் ஆறு தட்டுகள்,
அதே இடத்தில், அதே கால் மணி.

இரண்டு நாள் கழித்து எண்ணினோம்.
புகைக்கு முன் சராசரி முப்பத்தொன்று.
புகைக்குப் பின் நாற்பத்து நான்கு.

தெமிர்கான் மறுபடி எண்ணினான்.
நான் மறுபடி எண்ணினேன்.
அப்புறம் நினைவுக்கு வந்தது:
வாசனை பட்டதும் கதவுகள் திறந்ததும்,
கணக்குப் பிரிவு மொத்தமும் வெளியே வந்ததும்,
காவலாளி தொப்பியைக் கழற்றிப் புகைமேல் பிடித்ததும்,
நவம்பரிலிருந்து பேச்சில்லாத இரண்டு பேராசிரியர்கள்
ஒரே டப்பாவுக்குக் குனிந்து
ஒன்றாய்த் தும்மியதும்.

"அப்படியானால் இது வேலை செய்யவில்லை"
என்றார் துறைத்தலைவர் எசென்பெக்,
அவருடைய கோட்டிலும் அந்த மணம்.
நான் எழுதினேன்:
ஆள் நடமாட்டம் கட்டுப்படுத்தப்படவில்லை.
சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

சனோபரிடம் போய்ச் சொன்னேன்:
இரவு பத்து மணிக்கு வா,
நடைவழி காலியாக இருக்கும்,
இரட்டிப்பாய்த் தருகிறேன்.
அவள் டப்பாவின் சாம்பலைத் தட்டிக்கொண்டே கேட்டாள்,
"யாருமில்லாத இடத்தில்
யாருக்குப் போடுவது?"

அவளுக்குக் கொடுத்த முந்நூறு சோமுக்கு ரசீது இல்லை.
வேதிப்பொருள் செலவில் சேர்த்திருக்கிறேன்.

பத்தாம் எண் தட்டை இன்னும் கழுவவில்லை.
ஓரம் சுருங்கி, மஞ்சளாய்,
காசளவு வளர்ந்து நிற்கிறது ஒரு கூட்டம்.
அது கணக்கர் புருல்கானின் தும்மல்
என்று அடித்துச் சொல்கிறான் தெமிர்கான்.
நிரூபிக்க வழி இருக்கிறது.
நாங்கள் இருவரும் அதைச் செய்யப்போவதில்லை.