சொல்லின் முதலில் வராத எழுத்து

டெல்லி, ஆர்.கே. புரம். ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு.
பாட்டியா மேடம் இன்றும் என்னைப்
போஜிலன் என்றுதான் கூப்பிட்டார்.
ஆறு வருடமாக போஜிலன் எழுந்து
பிரசென்ட் சொல்கிறான்.
பொழிலன் வீட்டில் இருக்கிறான்.

பதிவேட்டின் கடைசியில்
பென்சிலால் சேர்த்த ஒரு பெயர்.
தைவான்காரி, ஓராண்டு மட்டும் படிக்க வந்தவள்.
ரூலின், ருவாலின், ரோலின்
என்று மேடம் முட்டி மோதினார்.
வகுப்பு சிரித்தது. நானும்தான்.

எழுந்தாள். தோளில் நிற்காத சீருடை,
இன்னும் கிழிக்காத விலைச்சீட்டு.
நாக்கை உள்ளே மடித்து
நிதானமாகச் சொன்னாள்:
ழுவோலின்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.
ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில்
அடித்துச் சொல்லியிருக்கிறார்கள்,
ழகரம் சொல்லுக்கு முதலில் வராது.
வந்துவிட்டதே,
இரண்டு விமானம் மாறி!

இடைவேளையில் ராஜ்மாவை
ஒவ்வொரு கொட்டையாகத் தின்றாள்.
கூலர் தண்ணீர் குடிக்கலாமா என்றாள்.
வேண்டாமென்று என் பாட்டிலை நீட்டினேன்.
மூடியில் அப்பா எழுதி ஒட்டியதைத் தொட்டு
இது என்ன என்றாள்.
சொன்னேன்.

திருப்பிச் சொன்னாள்.
முதல் எழுத்து
கொஞ்சம் காற்றாகிப் போனது.
இரண்டாவது பிசகவில்லை.