ஆட்டம்

குலுக்கிக் காட்டுகிறார் இன்னாசி.
லொடக்.
நான் நிமிரவில்லை என்று இன்னொரு தடவை.
லொடக்.
"மேல்பாதியும் கீழ்பாதியும் ஒட்ட மாட்டேங்குது மேடம்,
நடுவுல ஆட்டம்."

நாகப்பட்டினம் ஆயுதப்படை மைதானத்துக்குப் பின்னால்
கடற்காற்றுக்குப் பயந்து
மூன்று ஜன்னலையும் அடைத்து வைத்த அறை.
அப்படியும் உப்பு வந்துவிடுகிறது,
யாராவது கதவைத் திறக்கிறார்களே.

வாங்கிப் பூட்டை விலக்கினேன்.
கீலில் மடங்கி, கெளுத்தி வாயாகப் பிளந்தது எஸ்.எல்.ஆர்.
ஆணியைத் துடைத்து விளக்கடியில் உருட்டினேன்.
தேயவில்லை.
துளையும் வட்டம்தான்.
எண்ணைப் பார்த்தால்
மேலே ஒன்று, கீழே வேறொன்று.
எந்தக் கிடங்கிலோ, எந்த அவசரத்திலோ
ஜாதகம் பார்க்காமல் முடித்த சம்பந்தம்.

"இன்னாசி, குழல் மேல்பாதியில இருக்கு,
பின்குறி கீழ்பாதியில இருக்கு.
ரெண்டும் தனித்தனியா ஆடினா
நூறு மீட்டர்ல எங்க போகும்னு சொல்ல முடியாது.
சென்னைக்கு அனுப்பணும். ஆறு மாசம்."

"இது வானத்தைத்தான் மேடம் சுடும்.
மரியாதைக்கு உள்ளது.
வானத்துக்கு எதுக்குக் குறி?"

பிறகு, கேட்காமலே சொன்னார்.
தலைஞாயிறு பக்கம், வெள்ளத்தில் படகோடு போன எஸ்.ஐ.
மூன்று சுற்றும் முடிந்து
பியூகிளும் ஓய்ந்தபின்
துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பும் நேரம்,
வயலில் கொக்குகூட அசையவில்லை,
அப்போது
லொடக்.
அவர் மனைவி எழுந்து நின்றாராம்.
பெட்டியையே பார்த்தபடி.

நாளை கீழ்வேளூரில் இன்னொருவர்.
பந்தோபஸ்தில் நெஞ்சடைத்துப் போன ஏட்டு.

சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி வைத்தேன்.
எண்ணெய் குடித்து மதியத்துக்குள் கொழகொழத்தது.
தோல் வேண்டாம், ஈரம் பிடிக்கும்.
நீலா தெற்கு வீதியில் பம்புசெட் வாசர்,
ஐந்து ரூபாய், கறுப்பு,
எண்ணெயில் கிடந்தாலும் உப்பாத ரகம்.
நகக்கண் அளவு நறுக்கிப்
பின்பக்கம், இரண்டும் சந்திக்கும் மூலையில் வைத்து மூடினால்
மூடவே இல்லை.

வெண்ணாற்று மதகில் பார்த்திருக்கிறேன்,
பலகைக்கும் கல்லுக்கும் இடையே
வைக்கோல் திருகி அடைக்கும்போது
அப்பா ஒரு விரல்கடை விட்டுவிடுவார்.
கொஞ்சம் கசிந்தால்தான்
மறுமுறை பலகை மேலே ஏறும்.

பிளேடால் சீவினேன். மூடிப் பார்த்தேன். சீவினேன்.
நாலாவது முறை
கட்டைவிரல் அழுத்தத்துக்குப் பூட்டு விழுந்தது.

இன்னாசி குலுக்கினார்.
காதருகே வைத்துக் குலுக்கினார்.
ஏதோ தொலைத்தவர்போல்
இன்னும் ஒருமுறை குலுக்கினார்.

கைப்பிடியில் சிவப்புச் சீட்டுக் கட்டினேன்:
'மரியாதைக்கு மட்டும். குறி வைக்கக் கூடாது.'

பதிவேட்டில் ஒரு பத்திக்கு
'குறை' என்று பெயர், அடுத்ததற்கு 'நிவர்த்தி'.
குறை: ஆட்டம் உண்டு.
நிவர்த்தி என்ற இடத்தில் பேனா நின்றது.
ஆட்டம் அப்படியேதான் இருக்கிறது,
வாசருக்கு அடியில்.

'சத்தம் இல்லை' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்,
மெகராஜ் பேகம், ஏட்டு, ஆயுதக் கிடங்கு.
ஐந்து ரூபாய்க்கு ரசீது வாங்கவில்லை.