ஆயிரத்தில் அறுநூற்றுப் பதினேழு

எட்மன்டனில் மைனஸ் முப்பத்தொன்று.
கோப்பிக் கடை வாகனத் தரிப்பிடத்தில்
இரண்டு கார்கள், எஞ்சினை நிறுத்தாமல்,
கதவோடு கதவு.
வாசில் ஹ்ரிட்சக், ஓய்வுபெற்ற பல்வைத்தியர்,
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
பெட்டியை நீட்டுகிறார்.

கறுப்பு முகம். உள்ளே இரண்டு சிறு வட்டம்.
ஐம்பதுகளில் ஏதோவொரு விமானப்படைக்கு
அடித்துக் கொடுத்த மணிக்கூட்டின்
போன வருடத்து மறுபிறவி.
எண்களில் பூசிய ஒளிப்பூச்சு
பிறக்கும்போதே பழுத்திருக்கிறது.
எழுபது கோடை தின்ற மஞ்சளை
தொழிற்சாலையிலேயே குழைத்திருக்கிறார்கள்.

சேகரிப்பவர்களில் பாதிப்பேர் இதற்குத்தான் காறித் துப்புவார்கள்:
வாழாத வயதை முகத்தில் பூசுவது கள்ளம் என்று.
நான் வாய் திறப்பதில்லை.
கொழும்பு லொட்ஜில், ஆடும் மின்விசிறிக்குக் கீழே
ஏஜென்சிக்காரன் எனக்கு
ஐந்து வயது கூட்டி எழுதினான்.
ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம்.
அந்த வயதோடு இறங்கினேன்.
அந்த வயதுக்குத்தான் லைசென்ஸ், வீட்டுக்கடன், கலியாணம்.
போன மாதம் டிப்போவில் அறுபதுக்குக் கேக் வெட்டினார்கள்,
ஐம்பத்தைந்து வயது மூச்சால்
ஊதி அணைத்தேன்.

"விமானப்படையோ?" என்கிறார் வாசில்.
"இல்லை, பஸ். நகரத்தின் வடக்குப் பக்கம்."
"நானும் பறந்ததில்லை," சிரிக்கிறார்,
"மனைவிக்கு உயரம் ஆகாது."

எனக்கு விமானம் கீழிருந்து மட்டும் பழக்கம்.
இரைச்சல் கேட்டதும்
பங்கருக்குள் குதிக்கும்வரை எத்தனை எண்ணலாம்?
அப்போது மணிக்கூடு இல்லை.
தங்கச்சி பதினொன்று மட்டும் எண்ணுவாள்,
பிறகு காதைப் பொத்துவாள்.
இதையெல்லாம் அவரிடம் ஏன்.
இருபது டொலர் குறைத்துத் தந்தார்.

வீட்டில் சுகிர்தா கேட்பாள்:
"நேரம் ஒண்டுதானே, அஞ்சாவது என்னத்துக்கு?"
ஆறாவது என்று நான் திருத்தப்போவதில்லை.

அதிகாலை ஐந்துக்கு முதல் ஓட்டம்.
தெருவில் பனியும் நானும்.
118ஆம் அவென்யூ சிவப்பு விளக்கில்
மேல் பொத்தானைத் தட்டுகிறேன், முள் கிளம்புகிறது.
நாற்பத்து மூன்று விநாடியில் பச்சை.
கீழ்ப் பொத்தான்.
மற்ற மணிக்கூடுகளை நிறுத்தவேண்டும்,
பூச்சியத்துக்குக் கொண்டுவரவேண்டும்,
பிறகு மறுபடி தொடக்கவேண்டும்.
இதில் முள் ஓடுகிற ஓட்டத்திலேயே
வாசலுக்கு வந்து
செருப்புக்கூடக் கழற்றாமல்
திரும்பிப் போய்விடுகிறது.
இன்னொருமுறை தட்டுகிறேன்.
இன்னொருமுறை.
பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடிக்கிறது.

அடுத்த தரிப்பில் ஏறிய பெடியன்,
தொலைபேசி செத்துவிட்டதாம்,
என் மணிக்கட்டைப் பார்த்து நேரம் கேட்கிறான்.
இன்னும் சரிசெய்யவில்லை, அது வாசில் விட்ட இடத்தில்
பத்தே முக்கால் காட்டுகிறது.
தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஓடும்
பஸ்ஸின் பலகையை நிமிர்ந்து பார்த்து
சொல்கிறேன்.