கிளாராவின் இடுப்புப் படம்

வெளிச்சப் பெட்டியில் மாட்டிய படத்தில்
கிளாரா மல்லாந்து கிடக்கிறாள்.
மயக்கம் தெளியாத கிளாரா
என் காலடியில் நாக்கைத் தொங்கவிட்டுக்
குறட்டை விடுகிறாள்.

டாக்டர் பேனா முனையால் தொட்டுக் காட்டினார்.
வலப்பக்கம் பரவாயில்லை.
இடப்பக்கம்
பந்து கிண்ணத்தில் பாதிதான் உட்கார்ந்திருக்கிறது.
எனக்கு அது சிரட்டையாகத் தெரிந்தது.
குலசேகரத்தில் பதினோரு வருடம் ரப்பர் பால் வெட்டியவள் நான்.
கம்பி தளர்ந்து சிரட்டை சரிந்தால்
பால் எங்கே போகும் என்று
எனக்குச் சொல்ல வேண்டாம்.

"நடப்பாளா?"
"நடப்பாள், ஓடுவாள். வலி இனிமேல்தான்."
பேனாவை மூடினார்.
"குட்டி போட விட வேண்டாம்."

எக்ஸ்ரேக்கு ஆயிரத்து இருநூறு.
ஆட்டோ வெயிட்டிங் தனி.

கருங்கல் வில்பிரட் அண்ணன் போனில் சிரித்தார்.
அவர் வீட்டுக் கடுவனோடு சேர்க்கத்தான் நாள் குறித்திருந்தோம்.
"படம் எடுக்கப் போனதே மண்டத்தரம், பிள்ளே.
தலை உண்டு, நிறம் உண்டு, நல்ல லாப்ரடார் வாலும் உண்டு.
வாங்க வாறவன் எலும்பையா கேக்கான்?"

உண்மைதான். ஒருவரும் கேட்டதில்லை.
விலை கேட்பார்கள், நிறம் கேட்பார்கள்,
மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர்
குட்டி பிறந்த நேரம் கேட்டார்.
பெண் பார்க்க வருகிறவர்களும்
பவுன் எத்தனை என்றுதானே கேட்கிறார்கள்,
சுகர் எத்தனை என்றா?

ராத்திரி
ஆறு பேர் தந்த முன்பணத்தை நோட்டில் கூட்டினேன்.
அதே பக்கத்தில் கீழே
மகள் ஷெர்லினின் நர்சிங் கட்டணம், இரண்டாம் வருடம்.
இரண்டு தொகைக்கும் நடுவே
இருநூறு ரூபாய்தான் வித்தியாசம்.
அந்த இருநூறைப் பார்த்துக்கொண்டே
வெகுநேரம் இருந்தேன்.
படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.
ஒரு தடவை அல்ல.

காலையில் ஆறு பேருக்கும் பணம் அனுப்பினேன்.
அது சுலபம் என்று
பிறகுதான் தெரிந்தது.

போன வருடத்துக் குட்டிகள் ஏழு.
ஏழு போன் நம்பர்.

முட்டத்தில் எடுக்கவில்லை.
திங்கள் சந்தைக்காரர் பாதிப் பணம் திருப்பித் தருவியா என்றார்.
சுசீந்திரத்தில் ஒரு பெண் "ஐயோ" என்றாள்,
உடனே நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.
அது ஓடி வரும் நகச்சத்தம்
போனுக்குள் கேட்டது.
காதை அழுத்தி வைத்துக் கேட்டேன்,
நாலு காலும் சமமாக விழுகிறதா என்று.
அப்படியெல்லாம் தெரியுமா என்ன.

கொட்டாரம் சுயம்புலிங்கம் மட்டும்
"ஓ" என்றார்.
"எந்திரிக்கையில காலை இழுக்கான்.
தரை வழுக்குதுன்னுல்லா நினைச்சோம்.
வீடு முழுக்க ரப்பர் பாய் விரிச்சிட்டேன்."
கொஞ்சம் பேசாமல் இருந்தார்.
"அப்போ டைல்ஸ் காரணம் இல்லையா?"
"இல்லை."
"அது என் பெண்டாட்டி தேர்ந்தெடுத்த டைல்ஸ்.
எட்டு மாசமா அவளை ஏசிட்டு இருக்கேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன்.
அவர் எதற்கென்று கேட்கவில்லை.

எதற்கென்றால்
ஒரு வீடியோ இருக்கிறது.
ஏழு பேருக்கும் நான் அனுப்பியது.
பின்வாசல் படி மூன்றையும் கிளாரா ஏறுகிறாள்,
பின்னங்கால் இரண்டையும் ஒட்டிச் சேர்த்து
முயல்போலத் துள்ளி.
கீழே நானே எழுதியிருக்கிறேன்:
தாயைப் பாருங்கள், என்ன துள்ளல்!

மேலும் கீழுமாக அதை எத்தனை முறை பார்த்தேனோ.
அழிக்கவில்லை.
நாளை யாராவது குட்டி வாங்கப் போகிறேன் என்று வந்தால்
இதைத்தான் காட்டுவேன்,
இப்படி ஏறினால் படம் எடுக்கச் சொல்லுங்கள் என்று.

கருப்பை எடுக்க அடுத்த மாதம் தேதி தந்திருக்கிறார்கள்.
படியை இடித்துச் சரிவு போட
கொத்தனார் ஆயிரம் கேட்டார்,
எண்ணூறுக்குப் பேசி முடித்தேன்.
ஓரத்தில் மனுசர் ஏற
ஒற்றையடி அகலத்துக்குப் படியை விட்டுவைத்தார்.

சிமெண்ட் காய்ந்து நாலு நாள்.
சரிவை முகர்ந்து பார்த்துவிட்டு
கிளாரா அந்த ஓரப் படியில்தான் ஏறுகிறாள்,
துள்ளித் துள்ளி.